இடம் மூடுகிறவர்கள்

பாட்டில் ஆலையின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு விளம்பரத் தட்டி வைத்திருந்தார்கள். இந்த வட்டாரத்தின் உற்பத்தி எந்தக் காலத்திலும் இல்லாத அளவுக்கு உயர்ந்துவிட்டதாம். அதில் நம் ஆலையின் பங்கு மகத்தானதாம். எல்லோரும் பெருமைப்பட வேண்டுமாம். தட்டிக்குக் கீழே கம்பெனி பஸ் வந்து நின்றது. ஒரு காலத்தில் அந்தப் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, படியில் தொங்கிக்கொண்டு வருவார்கள். இப்போது ஜன்னலோரமாகப் பார்த்துப் பார்த்து உட்காரலாம், மனசிருந்தால் படுத்துக்கொண்டும் வரலாம்.

கெடுபிடி கடைசியாக இறங்கினாள். தட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். பெருமைப்படுவதற்கு ஆள் பத்தாது போலிருக்கிறதே என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவளுடைய சொந்தப் பேர் ஆலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாட்டில் பார்க்கும் வரிசையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பக்கத்து இடத்துக்காரி போனால் போகிறது என்று விட்ட பாட்டில்களையெல்லாம் எட்டிப் பிடித்துத் திரும்ப எடுத்தாள். கழுத்தில் மயிரிழை விரிசல், அடியில் கொப்புளம், தோளில் ஒரு பொட்டு மணல், எதையும் அவள் விடமாட்டாள். இதென்னடி இந்தக் கெடுபிடி என்று அந்தப் பக்கத்து இடத்துக்காரி அலுத்துக்கொண்டாள். பேர் ஒட்டிக்கொண்டது. பிறகு கல்யாணப் பத்திரிகையில் சொந்தப் பேரைப் பார்த்துவிட்டு, பொண்ணு யாரு, உன் அக்காவா என்று வரிசையில் ஒருத்தி கேட்டாளாம்.

மாப்பிள்ளையும் அதே ஆலைதான். உலைக்கு மணல் கொட்டுகிறவர். தண்ணீர் குடிக்க வருகிறேன் என்று உலைப் பக்கத்திலிருந்து பாட்டில் பார்க்கும் கொட்டகை வரைக்கும் நடந்து வருவார். உலைக்குப் பக்கத்திலேயே குழாய் இருந்தது, அதுவும் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான பிறகு அவருக்குத் தாகம் எடுப்பது நின்றுவிட்டது என்று வரிசைப் பெண்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு பெண் பிறந்தாள், படித்தாள், கட்டிக்கொண்டு தூரமாகப் போய்விட்டாள். வீடு, பஸ், வரிசை, வீடு என்று காலம் போனது.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உலையில் வார்த்த பாட்டில்கள் ஆறி, அகலமான பெல்ட்டில் வந்து எட்டுத் தடங்களாகப் பிரியும். ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் ஒரு ஸ்டூல், அதில் ஒரு பெண், எதிரே வெள்ளையாக எரியும் விளக்குக் கண்ணாடி. கைக்கு ஒன்றாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். நல்லது என்றால் முன்னால் ஓடும் பேக்கிங் பெல்ட்டில் வைக்க வேண்டும், கெட்டது என்றால் காலடிப் பீப்பாயில் போட வேண்டும். கை நின்றால் பாட்டில் நிற்காது. பின்னால் வருவது முன்னால் இருப்பதைத் தள்ளும், ஓரத்தில் நிற்பது கீழே விழுந்து உடையும்.

இந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. அதை 'இடம் மூடுவது' என்பார்கள். ஒருத்தி வர முடியவில்லை என்றால், தடத்தைக் கழுவும்போது வைக்கிற மரக்கட்டையை எடுத்து அவளுடைய தடத்தின் தலைப்பில் குறுக்கே போட்டுவிடுவார்கள். அவளுக்கு வரவேண்டிய பாட்டில்கள் பக்கத்துத் தடங்களுக்குப் பிரிந்து போகும். மற்றவர்கள் கண்ணை இமைக்காமல் கையை ஓட்டி அவள் பங்கையும் பார்த்து முடிப்பார்கள். டீ வேளையில் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவார்கள். வராதவள் வந்ததாகவே வருகைப் பதிவில் இருக்கும். மேஸ்திரிக்கு 'சரிசரி' என்று பேர், எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார். இதற்கும் அதையே சொன்னார்.

தொடங்கி வைத்ததே கெடுபிடிதான். வெகு காலத்துக்கு முன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றுபோன ஒருத்தியைச் சேர்ந்தாற்போல் வரவில்லை என்று வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில், இனி இந்த வரிசையில் ஒரு இடமும் காலியாகத் தெரியக்கூடாது என்று கட்டையை எடுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு எத்தனை பிரசவம், எத்தனை சாவு, எத்தனை பள்ளிக்கூடக் கூட்டம் அந்தக் கட்டைக்குப் பின்னால் நடந்திருக்கும், யார் கண்டது. வரிசையில் ஒரு பெண்ணுக்கும் வேலை போகவில்லை. கெடுபிடி வாழ்க்கையில் பெருமைப்பட்டது என்றால் இந்த ஒன்றுக்குத்தான்.

வரிசைக்கு வெளியே கதை வேறு. பேக்கிங்கில் கைகள் போய் இயந்திரம் வந்தது. உலையில் மணலைக் கொட்ட ஒரு குழாய் வந்தது. குழாய்க்குத் தாகமும் எடுக்காது, கல்யாணமும் ஆகாது. கெடுபிடியின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கையைக் குலுக்கி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். வேலை இல்லாதவனுக்குக் கடிகாரம் எதற்கு என்று அவர் அதை மாட்டவே இல்லை. இப்போது பழைய மின்விசிறிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டு, செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சத்தமாகப் படித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். வட்டாரம் வளர்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் எழுந்து போய்ச் சுவரோரமாக நின்று, நாமும் வளர்ந்திருக்கிறோமா என்று அளந்து பார்ப்பார். கெடுபிடிக்குச் சிரிப்பு வராது. இந்த மனுஷனுக்கு எதிலும் விளையாட்டுதான் என்று எரிந்து விழுவாள். அவர் விளையாடவில்லை என்றால் என்ன ஆவார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சின்னவளும் இதே வரிசைதான். கெடுபிடியின் கூடப்பிறந்த தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போனபோது கெடுபிடிதான் ஆள் ஆளாகப் பார்த்துப் பேசி, தன் பக்கத்து இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். போனவன் தன் அம்மாவை மட்டும் இவளிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். அந்த மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். எடுக்க, படுக்க வைக்க, துடைக்க, ஊட்ட, இவளை விட்டால் நாதி கிடையாது. சின்னவள் அக்காவிடம் வந்து, நான் வேலையை விட்டுடட்டுமா என்று அழுதாள். கெடுபிடி திட்டினாள். "நாங்க எதுக்குடி இருக்கோம். உன் இடம் உனக்கு அப்படியே இருக்கும், போ."

கட்டை போட்டார்கள். வழக்கமாக ஒரு நாள், இரண்டு நாள் நடக்கிற விஷயம் இந்தத் தடவை வாரக்கணக்கில் நடந்தது. கெடுபிடி அங்கேதான் ஒரு தப்புச் செய்தாள். ஒரு பாட்டில் குறைந்தாலும் கேள்வி வரும், அதனால் எப்போதும் போவதைவிடக் கொஞ்சம் கூடவே போகட்டும் என்று தன்னையும் சேர்த்து ஏழு பேரையும் முடுக்கினாள். டீயைக் குடித்த கையோடு எழுப்பினாள். பேச்சை வெட்டினாள். கண் எரிகிறது என்றவளிடம், எனக்கென்ன பன்னீரா தெளிக்கிறாங்க என்று சீறினாள். ஏழு பேரும் எட்டுப் பேர் வேலைக்கு மேலேயே பார்த்தார்கள்.

மேனேஜர் புதுசு. தினமும் ஒரு தடவை கொட்டகைக்குள் வருவார், வரிசையைப் பார்ப்பார், காலி ஸ்டூலையும் பார்ப்பார், புன்னகை செய்துவிட்டுப் போவார். நல்ல மனுஷன், நம் கஷ்டம் தெரிந்தவர் என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். கெடுபிடியும் மெச்சினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அந்த மாதக் கடைசியில்தான் வாசலில் அந்தத் தட்டி வந்தது. உற்பத்தியில் சாதனையாம். ஆளுக்கு ஒரு கண்ணாடி டம்ளர் கொடுத்தார்கள். கெடுபிடி பழக்க தோஷத்தில் அதை விளக்குக்கு நேரே தூக்கிச் சுற்றினாள். அடியில் கொப்புளம். இதை எந்த ஆலையில் எந்தக் குருடி பார்த்து அனுப்பினாள் என்று கேட்டுவிட்டு, இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

சின்னவளின் மாமியார் கம்பைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். சின்னவள் வேலைக்குத் திரும்பினாள். ஸ்டூலைத் துடைத்து உட்காரப் போகும்போது மேஸ்திரி வந்து, ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்றார். அவர் அன்றைக்கு 'சரி சரி' சொல்லவில்லை. அதைக் கவனித்த கெடுபிடி கூப்பிடாமலேயே கூடப் போனாள்.

மேனேஜர் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். வராத நாளுக்கு வந்ததாகக் காட்டியது பெரிய குற்றம், ஆனால் அதற்காக நடவடிக்கை எடுக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்றார். இந்த வரிசைக்கு உண்மையில் எத்தனை பேர் தேவை என்று தலைமை அலுவலகத்தில் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லையாம். பிறகு கெடுபிடியின் பக்கம் திரும்பினார்.

"நீங்களே செஞ்சு காட்டிட்டீங்கம்மா. ஏழு பேர் போதும், இன்னும் சொன்னா ஏழு பேர் இருந்தாதான் அதிகமா வருது. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

கெடுபிடிக்கு அப்போதுதான் உறைத்தது. வாரக்கணக்கில் இந்த ஆள் புன்னகை செய்துகொண்டு போனாரே, அது இரக்கம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சின்னவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்து போனாள். வாசலில் தட்டிக்குக் கீழே நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று வீட்டுக்கு வந்த கெடுபிடி அலமாரியிலிருந்த டம்ளரை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். போட்டது பத்தாமல் கூடையை ஒரு உதை விட்டாள். அவளுக்கு மேனேஜர் மேல் கோபம், சிரித்த முகத்தின் மேல் கோபம், ஆனால் எல்லாவற்றையும்விடத் தன் கைமேல் கோபம். ஒருத்தி வேலையும் போகக்கூடாது என்று போட்ட கட்டை, கூடப்பிறந்தவளின் வேலையைப் பறித்துவிட்டது. அவள் பிழியப் பிழிய வேலை வாங்கினாளே ஏழு பேரிடம், அது யாருக்காக? வீட்டுக்காரர் மின்விசிறியைத் திருகிக்கொண்டே, இத்தனை நாள் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் இருந்தால் எவ்வளவு வரும் என்பதுதான், இல்லாவிட்டால் எவ்வளவு குறையும் என்று நீங்கள் ஒரு நாளும் காட்டவில்லையே என்றார். இந்தத் தடவை அவர் விளையாடவில்லை.

மறுநாள் டீ வேளையில் கெடுபிடி வரிசைப் பெண்களைக் கூட்டினாள். இனிமேல் இடம் மூடக்கூடாது என்றாள். சின்னவள் தடத்தில் பாட்டில் வந்தால் வரட்டும், விழுந்தால் விழட்டும், அவரவர் தடத்தை அவரவர் பார்த்தால் போதும். சிலர் உடனே தலையாட்டினார்கள். ஆனால் கடைசி இடத்துக்காரி, எப்போதும் வாய் திறக்காதவள், அவளுடைய பிள்ளைக்கு இழுப்பு நோய், அவள் கேட்டாள். "அப்ப நாளைக்கு என் பிள்ளைக்கு முடியலைன்னா? என் இடத்தையும் மூட மாட்டீங்களாக்கா?"

நியாயமான கேள்வி, அதுதான் எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் கெடுபிடி சொன்னாள். "மூடினா உன் இடமே இல்லாமப் போகுது. பார்த்தோமே. நாம ஒருத்தி இல்லைன்னா அங்க ஒரு குறை விழணும்டி. விழலைன்னா நாம இருக்கறதுக்கு என்ன அர்த்தம்?" இழுப்புக்காரப் பிள்ளையின் அம்மா ஈரத்துணியைக் கண்ணிலிருந்து எடுத்துப் பிழிந்து உதறிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அன்றைக்குக் கட்டை சுவரிலேயே தொங்கியது. சின்னவள் தடத்தில் பாட்டில்கள் வந்து நின்றன, ஒன்றை ஒன்று தள்ளின, ஓரத்திலிருந்த முதல் பாட்டில் விழுந்தது. கெடுபிடியின் வலது கை தன்னால் அந்தப் பக்கம் நீண்டது. இத்தனை வருஷத்துப் பழக்கம், கையை என்ன சொல்லித் தடுப்பது. அவள் அதை இழுத்துத் தன் தடத்துப் பாட்டில்மேல் வைத்தாள். பக்கத்தில் சிலீர் சிலீரென்று கண்ணாடி உடைந்துகொண்டே இருந்தது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. மேஸ்திரி ஓடி வந்து தானே கட்டையை எடுத்துப் போட்டார். பாட்டில்கள் பக்கத்துத் தடங்களுக்குப் பிரிந்து வந்தன. ஏழு பேரும் அவரவர் பங்கைத்தான் பார்த்தார்கள், அவசரப்படவில்லை, டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் மாதிரி நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இப்போது எல்லாத் தடத்திலும் விழுந்தது. சரிசரி மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டு, என்னக்கா இது என்றார். கெடுபிடி கையிலிருந்த பாட்டிலைக் காட்டி, இது நல்ல பாட்டில் மேஸ்திரி என்று சொல்லிப் பேக்கிங் பெல்ட்டில் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க உடைந்தது. மேனேஜர் வந்து நின்று பார்த்தார், புன்னகையைக் காணோம். கொட்டகை முழுக்கக் கண்ணாடிச் சில்லு, கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும். வெளி காண்ட்ராக்டர் மூலமாக ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தது யார் என்று நினைக்கிறீர்கள். சின்னவள்தான். வயிறு இருக்கிறதே, அத்தோடு கம்பு பிடித்த மாமியாரின் வயிறும் இருக்கிறதே, காண்ட்ராக்டர் கூப்பிட்டதும் போய்விட்டாள். அக்காவின் காலடியில் குனிந்து சில்லை வாரினாள். கெடுபிடிக்குப் பாட்டில் தெரியவில்லை, விளக்கு தெரியவில்லை, கண் நிறைந்து வழிந்தது. ஒரு நல்ல பாட்டிலைத் தூக்கிப் பீப்பாயில் போட்டாள். அது அழுகையால் இல்லை, ஆத்திரத்தால்.

இரண்டு நாள் சின்னவள் பெருக்கினாள். மூன்றாம் நாள் மேஸ்திரி வந்து, விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு ஸ்டூலில் உட்காரம்மா என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். மேலிடத்து உத்தரவாம். அவள் தன் பழைய ஸ்டூலில், தன் பழைய தடத்தில் உட்கார்ந்தாள், கை வேலையைத் தானாகத் தொடங்கியது. கண்ணாடி உடைவது நின்றது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று டீயில் சர்க்கரை கூடப் போடச் சொன்னார்கள். கெடுபிடி மட்டும் சிரிக்கவில்லை. சின்னவளிடம் விசாரித்தாள். ஸ்டூல் பழசு, தடம் பழசு, ஆனால் அவள் இப்போது ஆலையின் ஆள் இல்லை, காண்ட்ராக்டரின் ஆள். கூலி பாதி. பழைய சர்வீஸ் கணக்கில் இல்லை. நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது.

வாசலில் பழைய தட்டியை எடுத்துவிட்டுப் புதுத் தட்டி வைத்தார்கள். உற்பத்தி உயர்ந்ததோடு நிற்கவில்லையாம். இந்த வட்டாரத்தில் புதிய வேலைவாய்ப்பும் உருவாக்கப்பட்டிருக்கிறதாம். கூடவே ஒரு புகைப்படம். விளக்குக் கண்ணாடிக்கு எதிரே பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னவள். சிரிக்கச் சொல்லியிருப்பார்கள், சிரித்திருந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய கெடுபிடி அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். காது மடல்வரை சூடு ஏறியது. திருடின பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்கு மாலை போடச் சொல்கிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? இவன் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை, பாதியை வைத்துக்கொண்டான். பறித்த வேலைக்குக் கணக்கு இல்லை, பறித்ததைப் பாதி விலைக்குக் கொடுத்தால் அது புது வேலை. இப்படியே எட்டுப் பேரையும் தூக்கிவிட்டுப் பாதிக் கூலிக்கு எட்டுப் பேரையும் உட்கார வைத்தால் எட்டுப் புது வேலை என்று தட்டி வைப்பான். செய்தித்தாளில் அதுவும் வரும். அவள் வீட்டுக்காரர் எழுந்து போய்ச் சுவரோரமாக நின்று அளந்து பார்ப்பார்.

அன்று மாலை பஸ்ஸில், ஆள் இல்லாத அந்தப் பஸ்ஸில், வரிசைப் பெண்களை முன் சீட்டுகளில் உட்கார வைத்துச் சொன்னாள். "நாளைக்கு நான் வரமாட்டேன். என் இடத்தை மூடாதீங்க."

உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது என்றாள். எத்தனை நாள் என்று கேட்டார்கள். சின்னவளைப் பழைய ஆளாக, பழைய கூலிக்கு எடுக்கிற வரைக்கும் என்றாள். அந்த வரிசையில் கெடுபிடி இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. பிரசவத்துக்குக்கூட மற்றவர்கள் இழுத்துப் பிடித்துத்தான் அனுப்பினார்கள். கடைசி இடத்துக்காரி மட்டும், நான் மூட மாட்டேன்க்கா என்று மெதுவாகச் சொன்னாள்.

ஆனால் கெடுபிடியின் தடத்துக்குப் பக்கத்துத் தடம் சின்னவளுடையது. கைக்கு எட்டுகிற தூரம். மூடுவதென்றால் முதல் கை அவளுடையதுதான். இறங்கும்போது சின்னவள் அக்காவின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கிறதும் போயிடும்க்கா. எனக்குப் பாதியே போதும்."

"உனக்குப் போதும். எனக்குப் போதாது."

"நான் மூடினா என்னை என்ன பண்ணுவே?"

கெடுபிடி அவளை அடித்து வளர்த்திருக்கிறாள், திட்டி வளர்த்திருக்கிறாள், இதற்கு மட்டும் என்ன சொல்வது. பாதிக் கூலிக்காரியிடம் முழு ரோஷத்தை எப்படிக் கேட்பது. பிடியை விடுவித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் காலையில் கெடுபிடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுத்தார், உன்னைப் பகல் வெளிச்சத்தில் இந்த வீட்டில் பார்த்து எத்தனை நாள் ஆச்சு, முகமே மறந்து போச்சு என்றார். அவள் முறைத்தாள். ஆனால் முறைப்பில் சுரத்தே இல்லை. மனசு முழுக்கக் கொட்டகையில் இருந்தது. இந்நேரம் பெல்ட் ஓடியிருக்கும். இந்நேரம் தன் தடத்தில் பாட்டில் வந்து நின்றிருக்கும். சின்னவள் பயந்தவள். கட்டையை எடுக்க மேஸ்திரிகூட வேண்டாம், அவள் ஒரு கையை இந்தப் பக்கம் நீட்டினால் போதும். நீட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. எட்டுப் பேர் அதிகம், ஏழு பேரே போதும் என்று மேனேஜர் மறுபடியும் நன்றி சொல்வார். அவளுக்கு ஒரு கடிகாரமும் கிடைக்கும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

போன் அடித்தது. மேஸ்திரி.

"எங்கக்கா இருக்கீங்க. மேனேஜர் பக்கத்துலதான் நிக்கிறாரு. என்ன வேணும்னு கேக்கச் சொல்றாரு."

கெடுபிடி சொன்னாள். "என் தங்கச்சி புது ஆள் இல்லை. பழைய ஆளு. பழைய கூலி, பழைய சர்வீஸ். வாசல்ல இருக்கிற தட்டியை எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் வர்றேன்."

மேஸ்திரி சரி சரி என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க தங்கச்சிகிட்டயாவது சொல்லுங்கக்கா. உங்க பாட்டில் எல்லாம் அவ கண்ணு முன்னாடி விழுது. கையை நீட்டினா எட்டும். தன் தடத்தைத் தவிர வேற எதையும் தொட மாட்டேங்கிறா. மேனேஜர் சொல்லியும் கேக்கலை. அழறா, ஆனா தொட மாட்டேங்கிறா."

கெடுபிடி எழுந்து நின்றாள். வீட்டுக்காரர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மேஸ்திரி பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேச்சுக்குப் பின்னால், தூரத்தில், என்னவோ சின்னச் சின்னதாகச் சத்தம்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க மேஸ்திரி" என்றாள் கெடுபிடி. "போனை என் இடத்துப் பக்கமாத் திருப்பிப் பிடிங்க. உடையிறது சரியாக் கேக்கலை."